மாவில் கிழித்த கோடு

கல்முனைச் சந்தைக்குப் பின்னால் கோதுமை மாவில் பாண் சுடும் போறணை வைத்திருந்தவரை எல்லாரும் அண்ணன் என்ற பொருளில் காக்கா என்பார்கள். அவருக்குப் புருவத்தில்கூட மா படிந்திருக்கும். அரசாங்கத்தையும் வரியையும் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், பலகையில் சிந்திக் கிடக்கும் மாவில் விரலால் ஒரு கோடு கிழிப்பார். "இதுக்கு இஞ்சால வரப்படாது. அவ்வளவுதான் நான் கேக்கிறது" என்பார்.

அரசாங்கப் பள்ளி ஆசிரியனான எனக்கு ஒருநாள் எரிச்சல் வந்துவிட்டது. "வரி கட்டாட்டி ஆசுபத்திரி எப்பிடி நடக்கும், காக்கா?"

"கட்டமாட்டன் எண்டு ஆரு சேர் சொன்ன? கொஞ்சமா எடுக்கட்டும், எல்லையோட எடுக்கட்டும். ஏழைக்குக் குடுக்கிற ஸகாத்துக்குப் படைச்சவனே எல்லை வெச்சிரிக்கான். செலவெல்லாம் போய் ஒரு வருசம் மிஞ்சிக் கிடந்தா, அதில நாப்பதில ஒரு பங்கு. மிஞ்சல்லயா, ஒண்டும் தரவேணாம். இவங்க அவனை விடப் பெரிய ஆக்களா?"

"அரசாங்கத்துக்கும் எல்லை வெக்கத்தானே அரசியலமைப்பு இருக்கு?"

"ஓம். அந்த எல்லைக் கட்டைய அவங்கட கையிலயே குடுத்திரிக்கம். நினைச்ச நேரம் புடுங்கி நம்மட வளவுக்குள்ள நடுறாங்க."

போன நோன்பு மாதத்தில் அந்தப் பக்கம் போனேன். வருடாவருடம் அவர் தன் கையால் ஸகாத் கொடுக்கும் வாசலில் ஒருவரும் இல்லை. போறணை குளிர்ந்து கிடந்தது. உள்ளே தனியே இருந்தார்.

"இந்த முறை ஸகாத் எனக்குக் கடமையில்ல, சேர். ஒண்டும் மிஞ்சல்ல. அல்லாஹ்வே என்னட்டக் கேக்கல்ல. இவங்க இன்னமும் வரி கேக்கிறாங்க."

அவருடைய விரல் வழக்கம்போலப் பலகையில் கோடு கிழித்தது. பலகையில் மா இல்லை.