விரிப்புப் பிடித்தவள்

எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை நேரத்தில் யாராவது கண்ணயர்ந்தால் "விரிப்பு பிடிக்கிறான்" என்பார்கள். வாட்ச்மேன் சொல்வார், ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்வார், இப்போது வாசல் டீக்கடை வரைக்கும் அந்தப் பேச்சு போய்விட்டது. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. வந்தது எங்கள் சலவைக்கூடத்து அக்காவிடமிருந்து.

கட்டில் விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிப்போம். உதறி, இழுத்து, பாதியாக்கியதும் ஒருத்தி நடந்துபோய்த் தன் முனைகளை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அக்காவுக்கு எதிரே நிற்பது நான்தான். பல வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் நான் முனையை நீட்டினேன், அக்கா வாங்கவில்லை. தன் பக்கத்தை இறுக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கியிருந்தாள். அவள் மகள் மேல்மாடி வார்டில் காய்ச்சலோடு படுத்து அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

சாப்பாட்டு நேரத்தில், அக்கா மகளைப் பார்க்க மேலே போனதும், அதை நடித்துக் காட்டி மற்றவர்களைச் சிரிக்கவைத்தது நான். நான் பேசி நாலு பேர் கேட்பது அபூர்வம். அந்த ஆசையில் காய்ச்சல் விஷயத்தை விட்டுவிட்டேன்.

மகள் தேறி, கல்யாணமாகிப் போய்விட்டாள். அக்காவுக்கு இந்த வருஷம் முழங்கால் வீங்கிவிட்டது. கிழிசல் தைக்கும் மேஜையில் ஓர் இடம் காலியானது. எங்கள் கூடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். புது சூப்பர்வைசரிடம் கேட்கப் போனாள், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு.

"உக்கார வெச்சா விரிப்பு பிடிக்க ஆரம்பிச்சிடுவீங்களேம்மா," என்றார் அவர், தலை தூக்காமல். எல்லாரும் சொல்வதைச் சொன்னார், அவ்வளவுதான்.

"சரிங்க சார்." அக்கா திரும்பிவிட்டாள்.

எனக்குக் கால் நகரவில்லை. "சார், அந்தப் பேச்சே இவங்கள வெச்சு நான் கிளப்பிவிட்டதுதான்," என்றேன். "அப்போ பொண்ணு மேல வார்டுல கெடந்துச்சு. ஒன்பது நாள் இவங்க வீட்டுக்கே போகல. இங்க ஒரு நாள் லீவும் போடல."

அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "நீங்களாம்மா அது?"

"ஆமா சார். இவளுக்கு வேற பொழப்பு இல்ல."

"தையல் மெஷின் தெரியுமா?"

"பழகிக்குவேன்."

"திங்கக்கிழமை போய் உக்காருங்க."

வெளியே வந்ததும், "அக்கா, நான்தான்னு உனக்கு முன்னாடியே..." என்று இழுத்தேன்.

"அன்னைக்கே தெரியும்டி. எதிர்ல நின்னது நீ ஒருத்திதானே."

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டுட்டு? மறுநாளும் உன் மூஞ்சியப் பாத்துதான மடிக்கணும்."

அன்று புதன்கிழமை. சனிக்கிழமை வரை அக்கா விரிப்போடு என் எதிரே நின்றாள்.