மரகதம்மாள் கடைத் தோட்டாவில் சுட்ட நாள்

மஞ்சக்குட்டை ஜீப் ஓட்டுநர் மலைமேல் உள்ள என் மருந்துக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "ஏனுங்க, நம்ம மரகதம்மா காலையில போயிட்டாங்க." கடையைச் சாத்திவிட்டு அதே ஜீப்பில் ஏறினேன். எங்கள் துப்பாக்கிக் கழகத்தில் அவரோடு சேர்ந்து சுட்டவர்களுக்கும், அவரிடம் தோற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டாம் வகையினர்தான் அதிகம்.

எழுபதுகளின் கடைசியில் கணவர் இறந்தபோது மரகதம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மலைமேல் மஞ்சக்குட்டையில் காப்பியும் ஆரஞ்சும் விளையும் தோட்டம். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. கணவரின் ரிவால்வர் உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டுக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனார். "சுடத் தெரியுமாம்மா?" என்று குமாஸ்தா ஒருவர் சிரித்தாராம். "தெரியாதுங்க. கத்துக்கிட்டு வாரேன்" என்று திரும்பியவர், குப்பனூர்ப் பக்கம் அடிவாரத்தில் இருந்த எங்கள் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். சுடக் கற்றபின் போய் உரிமத்தையும் வாங்கிவிட்டார்.

கழகத்தில் தோட்டா நிரப்பும் வேலை, அதற்கான உரிமத்தோடு, என் பொறுப்பில் இருந்தது. சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டைச் சீர்செய்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, புதுக் குண்டு பொருத்த வேண்டும். மருந்துக்கடைத் தராசில் பழகிய கை எனக்கு. கடையில் வாங்கும் தோட்டா பெட்டிக்குப் பெட்டி சற்று மாறும். நான் நிரப்பியவை அச்சில் வார்த்தாற்போல ஒன்றாகவே இருக்கும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. யார் கூடு கொண்டுவந்தாலும் நிரப்பித் தருவேன். பொறுமையாகப் பொறுக்கிச் சேர்த்துக் கொண்டுவந்தவர் மரகதம்மாள் ஒருவர்தான்.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் காலி ரிவால்வரை நீட்டிப் பிடித்தபடி நின்றார். குழலின் மேல் ஒரு காப்பிக்கொட்டை. விசையை இழுத்தார். கொட்டை அசையவில்லை.

"எத்தன நாளா அம்மிணி இது?"

"மழைக்காலம் பூரா இதேதானுங்ண்ணா. மொதல்ல நொம்ப உளுந்துச்சு. ஊட்டுக்குள்ளயும் காப்பி பொறுக்க வேண்டியதாப் போச்சு" என்று சிரித்தார்.

இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கழகப் போட்டியில் முதலிடம் அவருக்குத்தான். மூன்றாம் ஆண்டு, சேலத்து வழக்கறிஞர் ராஜசேகரன் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "அந்தம்மா எங்க சுடறாங்க? மருந்துக்கடைக்காரர் தோட்டா சுடுது. அதக் குடுத்தா நானுந்தான் ஜெயிப்பேன்."

மரகதம்மாள் கோபப்படவில்லை. நான் நிரப்பிய பெட்டியை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தார். "இந்தாங்க, இத நீங்க சுடுங்க. உங்க பொட்டிய எனக்குக் குடுங்க."

இருவருடையதும் ஒரே அளவு ரிவால்வர். நடுவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். மரகதம்மாள் தோற்றால் அதுவரை வென்றதெல்லாம் என் தராசின் கணக்கில் சேர்ந்துவிடும். ஜெயித்தால், உட்கார்ந்து உட்கார்ந்து நிரப்பிய என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு என்ன அர்த்தம்?

பயிற்சிச் சுற்றில் மரகதம்மாளின் குண்டுகள் மேலேறிச் சிதறின. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு குறி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுத் தோட்டாவின் குணம் பிடிபட்டதுபோலும். போட்டிச் சுற்றில் குறியைக் கொஞ்சம் இறக்கினார். அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாகச் சுட்டார்.

அட்டைகள் வந்தன. ராஜசேகரன் அதுவரை தாம் சுட்டதிலெல்லாம் நன்றாகச் சுட்டிருந்தார். என் தோட்டா என் மானத்தைக் காப்பாற்றிவிட்டது. இருவரின் மதிப்பெண்ணுக்கும் இடையே வழக்கமான இடைவெளி குறைந்திருந்தது. ஆனாலும் முதலிடம் மரகதம்மாளுக்கே. ராஜசேகரன் எழுந்து வந்து எல்லார் முன்னாலும் கைகூப்பினார். "தோட்டாவுல ஒரு கொறையும் இல்லீங்க. கைதான் என்னுதாப் போச்சு."

திரும்பி மலையேறும் பஸ்ஸில், மரகதம்மாள் அன்று சுட்ட காலிக் கூடுகளை என்னிடம் நீட்டினார். "அடுத்த தடவைக்கு ரொப்பிக் குடுங்ண்ணா."

"இனி எதுக்கு அம்மிணி? கடைத் தோட்டாவே உங்களுக்குப் போதுமே."

"அப்படிச் சொல்லாதீங்க. கடைத் தோட்டா தப்புனா அதும்மேல பழியப் போட்டுட்டுத் தூங்கிருவேன். உங்குளுது தப்புனா, தப்பு என்னுதுதான்னு தெரிஞ்சு போகும். அது தெரிஞ்சாத்தானுங்க திருத்திக்க முடியும்."

என் வேலைக்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குக் கிடைத்ததில்லை. அதன்பிறகும் பல ஆண்டுகள் அவருக்கு நிரப்பித் தந்தேன்.

பிற்பாடு அவர் கை நடுங்கத் தொடங்கியது. யாரும் வாய் திறக்கும் முன்பே ரிவால்வரைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்து சொன்னார்: "கை சொன்ன பேச்சுக் கேக்காதபோது இத ஊட்டுல வெச்சிருக்கக் கூடாதுங்க." அப்போதும் அவர் தலை நிமிர்ந்தே இருந்தது.

மஞ்சக்குட்டையில் அவரை எடுத்தபோது ராஜசேகரன் தடியூன்றி வந்து கடைசிவரை நின்றார்.

என் தோட்டாக்களால் மரகதம்மாள் துளைத்த அட்டைகள் எத்தனையோ. அவற்றில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: கடைத் தோட்டாவால் அன்று அவர் சுட்டது. கண்ணாடி போட்டு மருந்துக்கடையில் மாட்டியிருக்கிறேன். யார் சுட்டது என்று கேட்பவர்களிடம் அவர் பெயரைச் சொல்கிறேன். தோட்டா என்னுடையதல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.