கோசு பிடித்த கை

மணிமேகலை வேலப்பனுக்கு எட்டாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. அதனால் அவள் தெருவில் வருவதைப் பார்த்தாலே வேலப்பன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கடன்பட்டவர் ஓடி ஒளிவதை மன்னவனூர் எத்தனையோ பார்த்திருக்கிறது. கடன் கொடுத்தவர் கையை ஒளித்து வைப்பதை இவரிடம்தான் பார்த்தது.

"மாமா, கைய நீட்டுங்க."

"சோலி கெடக்கு தாயி. பெறகு பாப்போம்."

வருடா வருடம், அவள் மெல்போர்னிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் இதே பேச்சுதான்.

வேலப்பன் சாமானியப்பட்ட ஆள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். மூட்டை தூக்கி, மேஸ்திரியாகி, இரண்டு லாரிக்கு முதலாளி ஆனவர். இந்த மலையில் முட்டைக்கோசு லோடு என்றால் அது வேலப்பன் ஏற்றும் லோடுதான், மற்றவர்கள் ஏற்றுவதெல்லாம் வெறும் குவியல். பெண்பிள்ளையை லாரி மேலே நிறுத்திய முதல் மேஸ்திரியும் அவரே. அந்தப் பெண்பிள்ளைதான் மணிமேகலை.

கீழே இருப்பவர்கள் கோசை வீசுவார்கள்; மேலே நிற்பவர் பிடித்து அடுக்க வேண்டும். தவறினால் கோசு வெடிக்கும், அதற்கு முன்னால் மேஸ்திரியின் வாய் வெடிக்கும். பத்தொன்பது வயதில் மணிமேகலை அரைத் திருப்பம் திரும்பி, எகிறி, தலைக்கு மேலே போகிற கோசை எட்டிப் பிடிப்பாள். பிடித்ததும் நாக்கை 'டொக்' என்று சொடுக்குவாள். நாள் முழுக்க லாரி மேலிருந்து டொக், டொக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் லாரி வழியை அடைத்து நின்றது. பின்னால் வந்த ஜீப்பிலிருந்து ஓர் ஆஸ்திரேலிய அம்மா திட்டுவதற்காக இறங்கினாள். கொடைக்கானலில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தருகிறவள். இறங்கியவள் திட்ட மறந்து, வாயைப் பிளந்து, லோடு ஏறி முடியும்வரை நின்றாள். பிறகு ஞாயிறுதோறும் அவளே வந்து மணிமேகலையைப் பயிற்சிக்கு அழைத்துப் போனாள். ஒன்றரை வருடத்தில் மெல்போர்னில் ஒரு ஃபுட்பால் கிளப் ஒப்பந்தம் போட்டு, விமான டிக்கெட்டும் அனுப்பிவிட்டது. அந்தப் பருவத்துக்கு வேலப்பனிடம் வாங்கிய முன்பணம் எட்டாயிரம் அப்படியே நின்றுபோனது.

அந்த ஊர் ஆட்டத்தை டீக்கடையில் செல்போனைச் சுற்றி நின்று ஊரே பார்த்தது. பந்து முட்டை மாதிரி; உதைக்கவும் செய்யலாம், எகிறிக் கையால் பிடிக்கவும் செய்யலாம். மைதானமும் முட்டை மாதிரி. இந்தக் கோடியில் நாலு கம்பம், அந்தக் கோடியில் நாலு கம்பம். நடுவே உதைத்தால் ஆறு புள்ளி. குறி தப்பி ஓரக் கம்பத்துக்குள்ளே போனாலும் ஒரு புள்ளி.

"குறி தப்புனாலும் கூலியா?" என்று வேலப்பன் பதறினார். "நம்ம பயலுகளுக்குத் தெரிஞ்சா நாளைக்கே கோசப் பூராம் ரோட்டுல போடுவானுங்களே!"

முதல் வருடம் அவள் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தாள். உட்காரவும் சம்பளம் உண்டு என்றதை வேலப்பன் நம்பவில்லை. இரண்டாம் வருடம் மூக்கு உடைந்தது. மூன்றாம் வருடம், எதிராளியின் முதுகில் முட்டியை ஊன்றி எகிறி அவள் பிடித்த ஒரு பந்தை அந்த ஊர் டிவி ஒரு வாரம் போட்டுக் காட்டியது. வேலப்பன் அதை ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு வருடம் போட்டுக் காட்டினார்.

"எங்கிட்ட முன்பணம் வாங்குன புள்ள. லீவுல போயிருக்கு."

அதில் பொய் இல்லை. முன்பணம் வாங்கினவர் அதைத் தீர்க்கும்வரை அந்த மேஸ்திரியின் ஆள்தான். எட்டாயிரத்தைக் கையில் வாங்கிவிட்டால் அவள் யாரோ, வேலப்பன் யாரோ. வாங்குவாரா?

பிறகு அவள் முட்டி ஜவ்வு கிழிந்தது. தைத்துக்கொண்டு ஆடினாள். மறுபடி கிழிந்தது. கிளப் பூங்கொத்து கொடுத்து, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டது. முட்டியில் உறையோடு ஊர் திரும்பியவள் பழைய மினி லாரி ஒன்றைத் தவணைக்கு வாங்கினாள். ஆனால் எந்தத் தோட்டத்துக்காரரும் லோடு தரவில்லை. "மேஸ்திரி கணக்க முடிச்சிட்டு வாத்தா" என்றார்கள். மாதம் இரண்டு ஓடிவிட்டது. மூன்றாம் தவணையும் தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

லோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் பந்தோடு வந்தாள். வேலப்பனின் கைகள் பின்னால் போயின.

"முதுகு சொறியவா மாமா அந்தக் கைய வச்சிருக்கீங்க?" என்றாள் கோசுக் கூடையோடு நின்ற பாண்டீஸ்வரி.

"மாமா, ஒரு பந்து ஒதைக்கேன்" என்றாள் மணிமேகலை. "பிடிச்சிட்டீங்கன்னா வண்டிய வித்துட்டு நாளைக்கு வெள்ளனே ஒங்க லோடுக்கு வந்திர்றேன். விட்டுட்டீங்கன்னா கணக்க முடிச்சிரணும்."

"ஏத்தா, நாப்பது வருசமாக் கோசு பிடிச்ச கை இது! நீயே இதப் பாத்துக் கத்துக்கிட்டவதான?" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரி மேல் ஏறினார். "வெரசா ஒதை!"

வலிக்கிற காலை ஊன்றி, நல்ல காலால் உதைத்தாள். பந்து யூக்கலிப்டஸ் உச்சியைத் தாண்டிப் போய், சுழன்றுகொண்டு இறங்கியது. வேலப்பன் இரண்டு கைகளையும் அகல விரித்தார். கோசு நேராக வரும். இந்தப் பந்துக்கு இரண்டு மூக்கு. ஒரு மூக்கு விரலில் இடித்தது, மறு மூக்கு நெஞ்சில் குத்தியது. அங்கிருந்து தலைப்பாகையில் ஏறி இறங்கி, லாரியின் ஓரமாக உருண்டு, பாண்டீஸ்வரியின் கூடைக்குள் விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பில் பந்தோடு கூடையும் கவிழ்ந்தது.

வேலப்பன் இறங்கி வந்தார். விரித்த கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையில குத்தமில்ல. பந்து கோணலு."

"ஆமா மாமா."

"ஓரமாப் போனாலும் ஒரு புள்ளி உண்டுல்ல?"

"உண்டு மாமா. அது ஒங்களுக்குத்தான். எப்பவும் போலச் சந்தையில வீடியோவக் காட்டுங்க. 'எங்கிட்டத் தொழில் கத்த புள்ள'ன்னு சொல்லுங்க, நானும் ஆமாம்பேன்."

அவர் கைகள் பின்னால் போகவில்லை. மணிமேகலை இடுப்பிலிருந்து பணத்தை எடுத்து, விரிந்திருந்த உள்ளங்கையில் ஐந்நூறு ஐந்நூறாக எண்ணி வைத்தாள். ஒவ்வொரு நோட்டுக்கும் நாக்கு 'டொக்' என்றது. கடைசி நோட்டை வைக்கும்போது அவளுக்குச் சொடுக்க வரவில்லை. வேலப்பன்தான் சொடுக்கினார்.