சத்தம் போடக்கூடாத நாட்கள்

வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டில் இன்று மத்தியானம் என் மனைவி மீன் பொரித்தாள். அதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். உள் அறையில் என் மகள் கொப்புளிப்பான் என்கிற அம்மை வந்து படுத்திருக்கிறாள், அதுதான் குற்றம்.

"அம்மாள் வருத்தம் வந்த வீட்டில எண்ணெய்ச் சட்டி வைக்கலாமோ?" என்றேன்.

மனைவி திரும்பியும் பார்க்கவில்லை. "அது வைரஸ். டொக்டர் மருந்து தந்திட்டார். கதையளை விடுங்கோ."

விட்டுவிட்டேன். எண்ணெய் வாசம்தான் என்னை விடாமல், நான் சிறுவனாக இருந்த கொட்டாஞ்சேனைக்கு இழுத்துப் போயிற்று. அங்கே எங்களுக்கு இருந்தது ஒன்றரை அறை. அந்த அரை அறையை அப்பா கொஞ்சமும் கூச்சமில்லாமல் 'ஹோல்' என்பார். துறைமுகத்தில் இயந்திரங்களோடு போட்டிபோட்டுக் கதைத்துப் பழகியவர், வீட்டிலும் அதே குரல்தான். அம்மாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட வேண்டும். அந்தப் பேச்சே அப்பாவுக்குப் பிடிக்காது. பின்னேரமானால் சண்டை. ஒருநாள் இருவரில் ஒருவர் இல்லாமல் போய்விடுவார் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன்.

அப்போதுதான் எனக்கு அம்மாள் வந்தது. வாசலில் வேப்பங்குழை செருகினார்கள். மதுரையை எரித்த வெக்கையோடு கடல் தாண்டி வந்த அம்மாள், உடம்பு ஆற வீடு வீடாக ஏறுகிறாள் என்று அம்மா சொன்னார். அவள் வந்திருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, உரத்துப் பேசக் கூடாது. எல்லாம் சூடு. நாங்கள் நோனா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணிக்கும் அதே தெய்வம்தான், பெயர் மட்டும் பத்தினி. ஆனால் அவருடைய கதையில் அம்மாளின் செத்த புருஷன் எழும்பிவிடுவான்.

"செத்தவன் எப்பிடி எழும்புவான்?" என்பார் அம்மா.

"எழும்பினதுதானே, எனக்கு தெரியும்," என்பார் நோனா, தன் தமிழில். ஊரை எரித்ததில் இருவருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை.

ஒரு பின்னேரம் அப்பா, "நீ போறதெண்டால் போ" என்று தொடங்கியதும் நோனா வாசலில் வந்து நின்றார். "மஹத்தயா, சத்தம் போட வேணாம். பத்தினி தெய்யோ இருக்கு."

அப்பா சாமி கும்பிடுகிற ஆளே இல்லை. இருந்தும் அடங்கிப்போனார். சண்டையை விட்டாரா என்றால் இல்லை, தணிந்த குரலில் தொடர்ந்தார். அம்மாவுக்குக் கேட்கவில்லை. மெல்லக் கதைப்பதென்றால் பக்கத்தில் இருந்தாக வேண்டும். என் பாய்க்கு அருகே இருவரும் தோள் இடிக்க இருந்து குசுகுசுத்தார்கள்.

"பகல் முழுக்கத் தனிய இருக்கப் பயமாக் கிடக்கு," என்றார் அம்மா.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே?"

அம்மா நாள்தோறும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அப்பாவின் காதில் விழுந்தது. நாங்கள் யாழ்ப்பாணம் போகவில்லை. கொப்புளங்கள் ஆறிவிடக் கூடாது என்று நான் கும்பிட்டதை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது.

அம்மாள் கதையை யாரிடம் சொன்னாலும், "உண்மையா நடந்ததோ, ஆதாரம் இருக்கோ?" என்கிறார்கள். கோயில் பிரசங்கக்காரர்கூட வேப்பிலையில் விஞ்ஞானம் இருக்கிறது என்று விளக்குகிறார். எரிச்சல்தான் வருகிறது. அந்தக் கதை ஒரு வீட்டில் என்ன செய்தது என்று ஒருவராவது கேட்க மாட்டாரா?

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். பொரித்த மீனை ரசித்துச் சாப்பிட்டேன். பிறகு கனடாப் பேச்சு வந்தது. நான் போவோம் என்கிறேன். பக்கத்து ஊர்ப்பகுதியான பாமன்கடையில் இருக்கும் தாயை விட்டு வரமாட்டேன் என்கிறாள் மனைவி. சற்று நேரத்தில் என் தொண்டையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. பக்கத்து ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது, ஒருவரும் வாசலுக்கு வரவில்லை.

மகள் கதவைத் திறந்தாள். முகமெல்லாம் லோஷன்.

"எனக்குத் தலை இடிக்குது. கொஞ்சம் மெல்லமாக் கதையுங்கோவன்."

"நீ போய்ப் படு," என்றோம் இருவரும், ஒரே சத்தமாக. இன்றைக்கு நாங்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு வந்தது அம்மாள். அவளுக்கு வந்திருப்பது வைரஸ். வைரஸுக்காக யாரும் குரலைத் தணிப்பதில்லை.