டிக் போட்ட மரக்கட்டைகள்

கிள்ளானில் எங்கள் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் போர்ச் தெருவை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கும். மழைத் தண்ணீர் தேங்காது என்பதால் அது எனக்குப் பிடிக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலை என் பழைய ஜீப்புக்குக் கியர் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். முந்தைய வாரம் ஆற்றில் இறக்கியதில் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும் என்று சந்தேகம். நோட்டில் பதினாறு வேலைகளை வரிசையாக எழுதி, முடிந்ததற்கெல்லாம் டிக் போட்டேன். முதல் வரி: பின்சக்கரங்களுக்குப் பின்னால் மரக்கட்டைகள். டிக். ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை என்று சென்ற மாதமே அதே நோட்டில் குறித்திருந்தேன்.

பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கர உருண்டையான டிஃபரென்ஷியலிலிருந்து எண்ணெய், தண்ணீர் கலந்து, தே தாரிக் என்கிற பால் டீயின் நிறத்தில் இறங்கியது. புதியதை ஊற்றி மூடியபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்தார்.

"அண்ணே, ஆப்பரேஷன் முடிஞ்சிருச்சா? கொஞ்சம் முன்னால எடுங்க லா. வாலு ரோட்டுல நீட்டிக்கிட்டு இருக்கு."

கட்டைகளைச் சுவரோரம் வைத்துவிட்டு ஜீப்பை அரை மீட்டர் முன்னே எடுத்தேன். கியரை P-யில், அதாவது பார்க்கிங்கில், நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு நோட்டைப் பார்த்தேன். அடுத்தது டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி. அதன் லீவரை N-இல், அதாவது நியூட்ரலில், வைத்தால் தேங்கிய எண்ணெயும் இறங்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னதை எழுதி வைத்திருந்தேன். வைத்தேன். N-இல் இருக்கும்போது P சக்கரங்களைப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கட்டைகளுக்குத்தான் டிக் போட்டிருந்தேனே.

கால்கள் வெளியே நீட்டியிருக்க, குறுக்காக அடியில் படுத்தேன். எண்ணெய் வடிக்கும் மூடி இறுகியிருந்தது. முழு பலத்தோடு ஸ்பேனரை இழுத்தேன். எண்ணெய் தட்டில் கொட்டியது. அப்போது என் தலைக்கு மேலிருந்த இரும்பு மெல்ல நகர்ந்தது.

முன்சக்கரம் என் தொடையை நோக்கி வந்தது. கால்களை உள்ளே இழுத்துக்கொண்டேன். இப்போது உடம்பு முழுவதும் வண்டிக்கு அடியில். முன்பக்க டிஃபரென்ஷியலின் உருண்டை என் விலாவிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

படியில் டீ குடித்துக்கொண்டிருந்த மனைவி கத்தினாள். "என்னங்க! வண்டி நகருது!"

"ஏறி பிரேக்க மிதி!"

அவள் வண்டி ஓட்டியதே இல்லை. "எது பிரேக்கு?"

"பெரிசு! இடது பக்கம் இருக்கிறது!"

கதவு திறந்த சத்தம். இரும்பு என் சட்டையைத் தொட்டு நின்றது.

பக்கவாட்டில் ஊர்ந்து வெளியே வந்தேன். சுவரோரம் இருந்த கட்டைகளை எடுத்துவந்தேன். இரண்டையும் பின்சக்கரங்களுக்குப் பின்னால் செருகினேன். அவள் மடிக்கு மேலாகக் கையை நீட்டி லீவரை N-இலிருந்து எடுத்தேன்.

"போதும், காலை எடு."

"எடுக்க மாட்டேன்."

இரண்டு பாதங்களாலும் மிதித்துக்கொண்டிருந்தாள். அடியில் மூடி திறந்தே கிடந்தது. அதை மூடி எண்ணெய் ஊற்றாமல் வண்டி எங்கும் போக முடியாது. கட்டைகளை உதைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உதைத்தேன். பிறகு அடியில் நுழைந்தேன்.

அவளால் என்னைப் பார்க்க முடியவில்லை. "இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்."

மூடியில் ஒரு சுற்று.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."