கால் கனக்கும் முதல் வாரம்

போன மாதம் ஒருநாள் மார்த்தாண்டத்தில் கடைக்குச் சரக்கெடுத்துவிட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அருமனை ஸ்டாப் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வரை வந்தாயிற்று. அதற்குமேல் கால் வரவில்லை.

வலது காலைக் கீழே வைக்கலாம் என்று பார்த்தால் தொடை நடுங்குகிறது. சரி, இடது காலை... அது அதைவிட மோசம். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்துவிட்டார்கள்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"யக்கா, இறங்குதியளா, இல்ல கடைசி ஸ்டாப்பு கடையாலுக்கு வாறியளா?"

பஸ்ஸே சிரித்தது. ஒரு காலேஜ் பெண் என் பையை வாங்கிக்கொண்டாள். நான் பக்கவாட்டில் திரும்பி, நண்டு மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினேன். "கால்ல என்னக்கா, அடி பட்டிச்சா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்ல மக்கா... வடம் வலிச்சேன்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நாற்பத்தெட்டு வயது. காட்டன் சேலை. மூக்குக்கண்ணாடி. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஸ்டேஷனரி கடை. வாரம் ஒருமுறை உங்களோடு இங்கே பேசிக்கொண்டிருக்கிறவள். வடமா?

ஆமாம், வடம்தான். கயிறு இழுக்கிற போட்டி. எங்கள் பக்கத்தில் அதற்கு 'வடம்வலி' என்று பேர். வலித்தல் என்றால் இங்கே இழுத்தல். மற்ற ஊர்க்காரர்களுக்கு வலி என்றால் நோவு. மழை முடிந்து பயிற்சி தொடங்குகிற முதல் வாரத்தில் இரண்டும் ஒன்றுதான்!

எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு டீம் வைத்திருக்கிறோம். கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரைக்கும் ஊருக்கு ஊர் கிளப்புகள் விழா நடத்தும். அதுதான் எங்கள் சீசன். மழை விட்டு, சர்ச் மைதானம் காய்ந்ததும் ஷீபா வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போடுவாள். "நாளைக்கு சாயங்காலம் எல்லாரும் வந்திரணும், கேட்டியளா?" அவ்வளவுதான், சீசன் தொடங்கிவிட்டது.

ஷீபா எங்கள் கேப்டன். குவைத்தில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள். வார்டில் ராத்திரி ரவுண்டு வந்தது போலத்தான் மைதானத்திலும் நடப்பாள். சத்தம் போட மாட்டாள், ஆனால் யாரும் ஏமாற்ற முடியாது.

வடம் இழுப்பது கையால் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கை வெறும் கொக்கி. வேலையெல்லாம் காலுக்கு. குதிகாலை மண்ணில் ஊன்றி, முழங்காலை மடக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்து அப்படியே நிற்க வேண்டும். எதிர் டீம் அசைகிற வரை நிற்க வேண்டும். மாதக்கணக்கில் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பென்சிலும் பேப்பரும் விற்றவளின் தொடைக்கு இது என்ன புதுத் தண்டனை என்று தோன்றாதா?

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் எழுந்தபோது இரண்டு காலிலும் யாரோ ஈர மணலை நிரப்பித் தைத்துவிட்டது போல இருந்தது. மாடிப்படி எதிரி. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. பாத்ரூம் கஷ்டத்தைப் பத்திரிகையில் எழுத முடியாது, நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து பார்த்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, ஒனக்கு இதெல்லாம் வேணுமா? பேசாம லலிதாவ நிக்கச் சொல்லு. அவளுக்கு வயசும் கொறவு."

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

லலிதா அவருடைய தங்கை. அடுத்த தெருவில்தான் வீடு. எங்களுக்குள் சண்டை ஒன்றுமில்லை. பேச்சும் பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாணம், காது குத்து என்றால் பார்த்துச் சிரிப்போம். இந்த வருஷம் அவள் தானாக வந்து டீமில் எட்டாவது ஆளாகச் சேர்ந்திருந்தாள். யாராவது முடியாமல் போனால் இறங்குவதற்கு. ஒல்லி உடம்பு, ஆனால் ஊன்றினால் நகர மாட்டாள். எல்லாரும் அவளைப் பார்த்து "கொள்ளாமே, நல்லா நிக்காளே!" என்று சொன்னதை என் காது கேட்டது.

எனக்கு அந்த வடத்தில் நாலாவது இடம். முன்னால் மூன்று முதுகு, பின்னால் மூன்று மூச்சு. கடையில் நான் கடைக்காரி, வீட்டில் நான் அம்மா. அந்த நடு இடத்தில் நிற்கும்போது மட்டும் யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் போதும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அதனால் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் அதிகமாகப் பயிற்சி செய்தேன்!

காலையில் கடை திறக்கும் முன்பே வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்கினேன். கையில் தண்ணீர் நிரப்பிய இரண்டு கேன். சாயங்காலம் மற்றவர்களோடு மைதானம். கால் கனத்தால் அது பலவீனம், வேலை கொடுத்தால் சரியாகிவிடும் — இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. யாரிடமும் சொல்லவில்லை. கால் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனது. நானும் நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போனேன்.

அந்த வார இறுதியில் புதுக்கடையில் ஒரு டீமோடு நட்புக்கு ஒரு ஆட்டம். விசில் அடித்ததும் ஊன்றினோம். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு என் வலது கால் என்னைக் கேட்காமலே மடங்கியது. நான் விழுந்தேன். என் பின்னால் நின்றவள் என்மேல் விழுந்தாள். கடைசியில் நின்ற சுசீலாக்கா, பாவம், வடத்தை முதுகைச் சுற்றித் தோளில் போட்டுப் பிடித்திருப்பவர். உடனே விட முடியாது. மண்ணில் தரதரவென்று இழுபட்டு வந்தார்.

முழங்கை முழுக்கத் தோல் உரிந்து ரத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷீபா காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுசீலாக்கா என் கன்னத்தைத் தட்டி, "எனக்கு ஒண்ணும் இல்ல பிள்ள. எந்திச்சு மண்ணத் தட்டு" என்றார்.

ஷீபா கட்டுப் போட்டு முடித்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கலாக்கா, உள்ளதச் சொல்லுங்க. காலத்த எந்திச்சு என்ன செய்யுதிய?"

தோட்டம், சரிவு, கேன்... எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் தொடையை விரலால் அழுத்திப் பார்த்தாள். நான் "ஐயோ" என்றேன்.

"கால் கனக்கது மடியில இல்லக்கா. அலுப்பு. ரெஸ்ட் தாங்கன்னு அது கேக்குது. நீங்க அதுக்கு இன்னும் வேல குடுக்குதிய. பின்ன அது என்ன செய்யும்? படுத்துட்டு!"

மடி என்றால் எங்கள் ஊரில் சோம்பல். அத்தனை நாளும் என் கால்களைச் சோம்பேறி என்று நினைத்து அதட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இப்ப என்ன செய்யணும்?"

"கொஞ்ச நாளைக்கு வடத்தத் தொடப்பிடாது. பைய நடங்க. ஸ்டூல்லயே இரிக்காம எடைக்கிடைக்கு எந்திங்க. நல்லா தின்னுங்க, நேரத்தே ஒறங்குங்க. அதுவர லலிதா நிப்பா."

கடைசி வாக்கியம் மட்டும் தைத்தது.

ஓய்வெடுப்பது சுலபம் என்று யார் சொன்னது? கேனைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறுவது சுலபம். சாயங்காலமானால் மைதானத்துக்குப் போய் மதில் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். என் இடத்தில் லலிதா நிற்பாள். நன்றாகவே நிற்பாள். கொஞ்சம் மோசமாக நிற்கக் கூடாதா என்று ஒரு மனம் கேட்கும். ஒத்துக்கொள்வதில் என்ன, நானும் மனுஷிதானே!

ஒருநாள் பயிற்சி முடிந்து நான் வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டேன். வாசலில் லலிதா.

"மைனி, கை பொள்ளிட்டு. இதுக்கு என்னத்த போடுவிய?"

இரண்டு உள்ளங்கையையும் விரித்தாள். கொப்புளம் உடைந்து சிவந்து கிடந்தது. உள்ளே கூப்பிட்டு, கையைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, மெல்லிய துணியைச் சுற்றிவிட்டேன். முதல் வருஷம் எனக்கும் இப்படித்தான் இருந்தது என்றேன். அவள் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மைனி... உங்க எடத்துல நிக்கதுக்கு எனக்குப் பயமா இருக்கு."

"ஏன்? நல்லாத்தானே நிக்கிய?"

"சுசீலாக்கா பொறத்தால நின்னுக்கிட்டு, கலா நின்னா வடம் இப்பிடி ஆடாதுங்காவ. தெனமும் சொல்லுதாவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். டீ போட்டேன். இரண்டு பேரும் குடித்தோம். வடத்தைப் பற்றி ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போனது. அவளுடைய கணவர் துபாயில் இருந்து வருகிற தேதி, அவள் பையனின் சேட்டை, சாயங்காலமானால் வீடு வெறிச்சென்று இருப்பது... அதனால்தான் டீமில் சேர்ந்தாளாம். என் இடத்தைப் பிடிக்க அல்ல. வீட்டுக்காரர் வந்து எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்தவர், எதையோ மறந்தவர் போல வெளியே போய்விட்டார்.

அந்த வாரத்துக்குள்ளேயே கால் சரியாகிவிட்டது. ஒருநாள் காலையில் மாடிக்குப் போய்த் துணியைக் காயப்போட்டுவிட்டு வந்த பிறகுதான் எனக்கே தோன்றியது — அட, நான் கம்பியைப் பிடிக்கவே இல்லையே! ஷீபா மெல்ல மெல்லத்தான் வடத்தைத் தந்தாள். முதலில் பாதி நேரம், பிறகு கொஞ்சம் கூட. "போதும்க்கா, போங்க" என்று அவள் சொன்னால் போய்விடக் கற்றுக்கொண்டேன்.

முதல் போட்டி முட்டம் பக்கத்தில், ஒரு கிளப் விழாவில். கடற்காற்று முகத்தில் மணலை வாரி அடித்தது. அரையிறுதியில் எதிரே கடற்கரைப் பெண்கள். சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள். விசில் அடித்ததும் அந்தச் சிரிப்பு எங்கே போனதோ! முதல் இழுப்பில் லலிதா நின்றாள், தோற்றோம். இரண்டாவதில் அவளை வெளியே எடுத்துவிட்டு என்னை இறக்கினாள் ஷீபா. ஊன்றிய கால் ஊன்றிய இடத்தில் நின்றது. ஜெயித்தோம்.

மூன்றாவதுக்கு முன்னால் ஷீபா தன் கையுறையைக் கழற்றினாள்.

"நான் வெளிய நின்னு நேரம் பாத்துச் சொல்லுதேன். லலிதா, நீ எனக்க எடத்துல நில்லு. கலாக்கா அவளுக்குப் பொறத்தால."

கேப்டன் வெளியேயா? யோசிப்பதற்குள் எங்களை வரிசையில் நிறுத்திவிட்டாள். எனக்கு முன்னால் லலிதாவின் முதுகு. வடம் இறுகியது. இரண்டு பக்கமும் அசைவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. லலிதாவின் கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். அந்த நடுக்கம் எனக்குத் தெரியும்.

"லலிதா, மூச்ச விடு. கால மாத்தாத மக்கா. நான் இருக்கேன்!"

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கால் நின்றது. வெளியே இருந்து ஷீபா "இப்ப!" என்று கத்தினாள். ஏழு பேரும் ஒன்றாகச் சாய்ந்தோம். எதிர் வரிசை ஒரு அடி வந்தது, பிறகு இரண்டு அடி, பிறகு மொத்தமாக வந்துவிட்டது. லலிதா திரும்பி என்னைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் மணலில் விழுந்தோம். இந்த முறை விழுந்ததற்கு யாரும் வருத்தப்படவில்லை.

இறுதி ஆட்டத்தில் புதுக்கடைக்காரிகள் எங்களை அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள். அதை விவரமாக எழுதுவானேன்? இரண்டாம் பரிசு ஒரு கோப்பையும் ஒரு ஏத்தன் வாழைக்குலையும். குலையைத் தூக்க நாலு பேர் ஓடினோம், கோப்பையைச் சுசீலாக்கா மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வருகிற வேனில் பாட்டு, கூச்சல், பழத்தோல். லலிதா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வேன் ஊரை நெருங்கும்போது ஷீபா முன் சீட்டில் எழுந்து நின்று தொண்டையைச் செருமினாள். இனி என்ன கண்டிப்போ என்று எல்லாரும் அடங்கினோம்.

"நாளைக்கு பிராக்டிஸ் கிடையாது."

கோப்பை வாங்கியபோதுகூட எங்கள் டீம் அப்படிக் கைதட்டவில்லை!