நுரை தள்ளிய நாய்: ஒரு திருத்தம்

இன்று மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு வரும் பஸ்ஸில், பக்கத்து இருக்கைப் பெண் செல்போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். திரையில் ஒரு நாய் தெருத்தெருவாக நடந்து, தொலைந்த பொருள்களைத் தேடிக் கொடுக்கிறது.

“சண்டையே இல்லையா?” என்றேன்.

“இல்லீங்க. நாமதான் நாயி. மணின்னு பேர் வெச்சிருக்கேன்.”

எண்பதுகளில் இதே சாலையில் வாயில் நுரையோடு திரிந்த வெறிநாயைப் பற்றி நான்தான் பத்திரிகையில் செய்தி எழுதினேன், மறுநாளே அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே.

அவர் விரல் நின்றுவிட்டது.

“வெள்ளை நாயிங்களா? ஒரு காது மடிஞ்சிருக்குமா?”

“ஆமாம்.”

“அது எங்க மணிங்க. வெறியெல்லாம் இல்ல. வெல்லம் காய்ச்சறப்ப வழிச்சு ஊத்துன நுரைய நக்கிட்டு வந்துச்சு. யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கேட்கவில்லை. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

போனை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

பாலக்கோடு வரும்வரை ஆடினேன். நாய் வீடு சேர்ந்தது.

அந்தப் பத்திரிகை இப்போது இல்லை. ஆகவே திருத்தத்தை இங்கே வெளியிடுகிறேன்: அது வெறிநாய் அல்ல. வாயில் இருந்தது வெல்ல நுரை.

இதைவிடத் தாமதமாகத் திருத்தம் வெளியிட்டவர்கள் உங்களில் யாராவது உண்டா?